உர்சுலா அண்ட் சன்ஸ்

"உங்க முதலாளி வரலையா?"ன்னு கேக்குறான்மா அந்த ஆளு! கைய நல்லாத் தூக்குங்க... ம். பத்து வருஷமா சிங்கப்பூர்ல, இந்தத் தேக்காவுல தையல் கடை வச்சிருக்கேன், நாலு மிசின் ஓடுது, இந்த உர்சுலாவப் பாத்து முதலாளி எங்கங்கிறான்! ஃபேக்டரி யூனிஃபார்ம் டெண்டருக்குப் போயிருந்தேன். கூடம் பூரா ஆம்பளைங்க. நாந்தான்யா முதலாளின்னேன். சிரிக்கிறான். கர்ட்டன் தைக்க வந்தவங்க பின்பக்கமா போகணுமாம்!

மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க லா. அப்புறம் பிளவுஸ் பத்தலன்னு என்னத்தான் திட்டுவீங்க.

பேங்குலயும் இதே கூத்து. புது மிசினுக்கு லோன் கேட்டா, வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாம். எங்க வீட்டுக்காரர் பெர்னார்ட் பஸ் ஓட்டுறவரு. சட்டையில பட்டன் அறுந்தா எங்கிட்டதான் நீட்டுவாரு. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குத் தையல் வருமாம்! திரும்புங்க... முதுகு இவ்ளோ எறக்கம் போதுமா? சரி சரி, உங்க மாமியாரு... நான் ஒன்னும் சொல்லல.

எனக்கும் மூளை இருக்குல்ல? பெயிண்டரக் கூப்பிட்டு போர்டுல 'உர்சுலா அண்ட் சன்ஸ்'னு எழுத வச்சிட்டேன். எனக்கு ஏதும்மா மகன்? மூணும் பொட்டப் புள்ளைங்க! ஆனா மரியாதை வந்துச்சு பாருங்க... துணி மொத்தமா விக்கிற நாகூர் கனி எந்திரிச்சு சேர் போட்டாரு!

அப்புறந்தான் ஆஸ்பத்திரி டெண்டர். இருநூறு நர்சுங்களுக்கு யூனிஃபார்ம்! அது கெடச்சா மேல்மாடியையும் வாடகைக்கு எடுத்து, புள்ளைங்க மூணு பேரையும் கடையில உக்கார வச்சிருப்பேன். ஃபாரத்துல, கடையில யாரு யாரு வேல பாக்குறாங்கன்னு கேட்டிருந்தான். மூத்தவ பிரிஜட் கத்திரி புடிச்சா துணியில கோடே போட வேணாம். அவ பேர எழுதலம்மா நான். பாவி! 'ரெண்டு மகன்கள், இப்ப என்எஸ் பட்டாள சேவையில இருக்காங்க, வந்ததும் அளவெடுப்பாங்க'ன்னு எழுதினேன். பட்டாளத்துல இருக்கிறவன யாரு தேடி வரப்போறா?

நேத்து லெட்டர் வந்துச்சு. மாதிரிக்குத் தச்சுக் குடுத்த உடுப்பு முதல் தரமாம். ஆனா ஆம்பளை டெய்லருங்க அளவெடுக்கிறது கூச்சமா இருக்குன்னு நர்சுங்க மேட்ரன்கிட்ட அழுதிருக்காங்க. அதனால இந்த வாட்டி பொம்பளைங்களே அளவெடுக்கிற கடைக்குத்தானாம்! 'உங்கள் மகன்கள் அளவெடுப்பார்கள் என்பதால் மன்னிக்கவும்'னு போட்டிருக்கு. புக்கிட் மேராவுல ஒத்த மிசின் வச்சிருக்கிற ஹலீமாவுக்குப் போயிருச்சு.

வயிறெல்லாம் எரியுதும்மா... அசையாதீங்க, ஊசி குத்திரும்!

நெசத்தச் சொல்லிடலாம்னு காலையில போன் போட்டேன். மேட்ரனம்மா ரொம்பத் தன்மையானவங்க. எடுத்த எடுப்புல "உங்க மகன்கள் சௌக்கியமா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேங்கிறீங்க?

ரெண்டு பேருக்கும் கார்ப்பரல் பதவி கெடச்சிருச்சுன்னு சொல்லிட்டேன்.