இருபத்திமூணு குழாய்

— தட்டிப் பாரு முனியராஜ். வெரல மடக்கி நீயே தட்டிப் பாரு.

— தட்டிட்டேன் அண்ணாச்சி.

— என்ன சத்தம் வருது?

— டொக்கு டொக்குன்னு வருது.

— கப்பல்ல வந்த ஈயக் குழாய்ல அப்படியா வரும்? கணீர்னு கேக்க வேண்டாமா? நேத்து சென்னையில இருந்து சர்ச்சுல பாட்டுக்கு வாசிக்கிற இந்த ஆர்கனப் பாக்க வந்த இன்ஜினியர் தட்டுனாரு. தட்டிட்டு என் மொகத்தப் பாத்தாரு. “செக்ரட்டரி சார், முன்வரிசையில இருக்கிற இருபத்திமூணும் காகிதம்”ங்காரு. இந்த சபைக்கு நான் செக்ரட்டரி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— காகிதந்தான் அண்ணாச்சி.

— என்னலே, இம்புட்டு சாவகாசமாச் சொல்ற?

— போன மாசம் பெயிண்ட் அடிக்க ஏணி போட்டு ஏறுன அன்னைக்கே தெரியும். கைய வச்சதும் தெரிஞ்சுபோச்சு. பதினாறு வருசமா பட்டாசுக் கம்பெனியில குழாய் சுத்துறவனுக்கு இது தெரியாதா?

— தெரிஞ்சும் என்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லணும்னு தோணல. எங்களுக்குக் குழாய்னா காகிதத்துல சுத்துறதுதான். பரவால்லியே, கோயில்லயும் நம்ம சுத்துற மாதிரியே வச்சிருக்காகளேன்னு நெனச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள ஒரு சந்தோசங்கூட.

— நல்லா அளக்குற கதை. சரி, எட்டாவது குழாயோட அடியைப் பாரு. புதுப் பசை. உள்ள இந்த வருசத்துக் காலண்டர் தாளு. இன்ஜினியர் போட்டோ எடுத்து வச்சிருக்காரு. அது யாரு வேலை?

— அது என் வேலைதான்.

— கேட்டுக்கோ பாண்டிலட்சுமி! நீ யாரும் கூப்பிடாம புருசனுக்குப் பரிஞ்சு பேச வந்த. இப்ப அவன் வாயாலயே வந்திருச்சு.

— கேட்டுக்கிட்டுத்தான நிக்கிறேன் அண்ணாச்சி. ஏங்க, உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா? எதை ஒத்துக்கிறோம்னு தெரிஞ்சுதான் பேசுறீகளா?

— இருக்கதைத்தான பிள்ள சொல்றேன். அடி பிரிஞ்சு தொங்குச்சு. அதுமேல பெயிண்ட் அடிச்சா நல்லாவா இருக்கும்? வீட்டுல கெடந்த தாளைக் கொண்டாந்து, மைதாப் பசை காச்சி, ரெண்டு சுத்து சுத்தி விட்டேன்.

— ஆத்தாடி! கேக்காத வேலையச் செய்யாதீகன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ஊருல எவன் வீட்டுல ஓட்டை இருந்தாலும் இவுகளுக்குக் கை அரிக்கும் அண்ணாச்சி. அடைச்சுட்டுத்தான் வருவாக. இப்பப் பாருங்க, எதுல கொண்டாந்து விட்டிருக்குன்னு.

— நடிப்பெல்லாம் வேண்டாம். நான் முப்பத்தஞ்சு வருசமா பிரஸ் நடத்துறவன், எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். போலீசுக்கு எல்லாம் முறைப்படி எழுதி வச்சாச்சு. வாசிக்கிறேன், கேட்டுக்கோங்க. “ஏழாயிரம்பண்ணையைச் சேர்ந்த முனியராஜ் என்பவர், வர்ணம் பூசுகிற சாக்கில் எங்கள் ஆலயத்துக்குள் வந்து, ஆர்கனின் இருபத்து மூன்று உலோகக் குழாய்களைத் திருடிக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகக் காகிதக் குழாய்களை மாட்டி...”

— திருடிக்கொண்டா? அப்படியா எழுதியிருக்கீக?

— வேற எப்படி எழுத? பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. நாளைக்கு நூத்தி இருபத்தஞ்சாவது வருசப் பண்டிகை, பேராயர் வாராரு. அதுக்குள்ள எனக்கு முடிவு தெரியணும்.

— அண்ணாச்சி, திருட்டுக் கேஸ்னு ஒண்ணு விழுந்தா எந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள விடுவாக? வெடிமருந்து கெடக்குற எடம். இவுக கை சுத்தம்னுதான் போர்மேன் சாவியவே குடுத்து வச்சிருக்காரு. எங்க மக பிரீத்திகா பத்தாவது படிக்குது. நாளைக்கு அது பள்ளிக்கூடத்துக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போகும்?

— அதை உன் புருசன் யோசிச்சிருக்கணும்.

— சரி, நான் ஒண்ணு கேக்குறேன். இந்தக் குழாய் எப்ப வந்துச்சு? யாரு யாரு இதைத் தொட்டிருக்காக?

— என்னையவே விசாரிக்கிறியா?

— நான் கேக்காட்டி இன்ஸ்பெக்டர் கேக்கத்தான் செய்வாரு. இப்பவே சொல்லிப் பழகிக்கோங்க.

— வாயி! எனக்கென்ன பயம்? ஆலய வரலாறை மலராப் போட்டதே நான்தான். மொத ஆர்கன் ஆயிரத்து தொள்ளாயிரத்து மூணுல வந்துச்சு. கப்பல்ல தூத்துக்குடி, ரயில்ல சாத்தூரு, அங்கன இருந்து ஏழு மாட்டுவண்டியில சிவகாசி. அது இருபது வருசந்தான் தாங்குச்சு. மரத்தையெல்லாம் கரையான் தின்னுட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை பாட்டுக்கு நடுவுலயே பலகை சரிஞ்சு விழுந்துச்சாம். ரெண்டாவதுதான் இது. முப்பத்தொண்ணுல வந்துச்சு. இங்கன ஊழியம் பாத்த ஒரு வெள்ளக்கார அம்மா சாகும்போது எழுதி வச்சிட்டுப் போனது. மோட்டார் வர்ற வரைக்கும் பின்னால ஒரு ஆளு நின்னு துருத்தி மிதிக்கணும். நாநூத்திச் சொச்சம் குழாய் உள்ள இருக்கு. இந்த இருபத்திமூணும் முன்னால நிக்கிறது.

— இந்த முன்வரிசை ஊதுமா?

— ஊதாது. அழகுக்கு நிக்கிறது. சத்தமெல்லாம் உள்ள இருக்கிறதுலதான்.

— அப்ப இதைக் கழட்டிட்டு எதை வச்சாலும் பாட்டுல தெரியாது.

— ஏய், நீ என்ன சொல்ல வார?

— அவ கெடக்கா அண்ணாச்சி. நான் சொல்றதைக் கேளுங்க. எட்டடிக் குழாய் ஒண்ணு சுத்தி, நெழல்ல காயப்போட்டு எடுக்க நாலு நாளாவது வேணும். வெயில்ல போட்டா வளைஞ்சிரும். நான் இங்கன வந்து போனது மொத்தம் மூணே நாளு.

— ஊருலயே சுத்திக் கொண்டாந்திருப்ப.

— எட்டடிக் குழாய் இருபத்திமூணையும் மினி பஸ்லயா கொண்டாந்தாக? கண்டக்டர் அம்புட்டுக்கும் டிக்கெட் கிழிச்சிருப்பாரே!

— நீ சும்மா இரு பிள்ள. அண்ணாச்சி, இன்னொண்ணும் பாருங்க. இந்தக் குழாய் சுத்தே சரியில்ல. விளிம்பு ஏறி எறங்கியிருக்கு பாருங்க. கைப்பழக்கம் இல்லாதவக சுத்துனது. நான் இப்படிச் சுத்துனா போர்மேன் மூஞ்சியில எறிவாரு. மோந்து பாருங்க, மைதா வாடையே கெடையாது. இது புளியங்கொட்டைப் பசை. எங்க கம்பெனியில அதை யாரும் காச்சி நான் பாத்ததே இல்ல.

— மோந்து பாத்து வருசம் சொல்லுவியாக்கும்.

— மோந்து பாத்துச் சொல்ல முடியாது. பிரிச்சுப் பாத்தாச் சொல்லிரலாம். குழாய்க்குப் புதுத் தாளு யாரும் எடுக்க மாட்டாக. பிரஸ்ல கழிச்சுப் போட்ட தாளுதான் உள்ள இருக்கும். அதுல என்னமாவது அச்சடிச்சிருக்கும். நான் கை வைக்காத குழாய் ஒண்ண அறுத்துப் பாப்போம்.

— அதெல்லாம் கூடாது.

— ஏன் அண்ணாச்சி?

— ஆலயச் சொத்து. கமிட்டியைக் கேக்காம யாரும் கை வைக்கக்கூடாது.

— என்ன சொத்து? ஈயந்தான சொத்து, அது களவு போச்சுன்னு நீங்கதான எழுதியிருக்கீக. இது களவாணிப்பய மாட்டி வச்ச காகிதம்னா, அதைக் கிழிக்க எதுக்கு இம்புட்டு பதறுறீக?

— நான் பதறல. முறைன்னு ஒண்ணு இருக்கு.

— எங்க வீட்டு ஆம்பளையப் பிடிச்சுக் குடுக்குற முறை பதினொரு மணிக்குள்ள முடியுது, ஒரு காகிதத்தக் கிழிக்கக் கமிட்டி கூடணுமா? நல்லா இருக்கே நாயம்! வழிய விடுங்க. ஏங்க, எதுல நீங்க கை வைக்கல?

— கடைசில நிக்கிறது. வேண்டாம் பிள்ள, அண்ணாச்சி சொல்றாகள்ல.

— ஏய், எறங்கு! ஏணியில இருந்து எறங்குங்கிறேன்ல! முனியராஜ், பிடிலே அவள!

— பிடிச்சா ரெண்டு பேருமாத்தான் விழுவோம் அண்ணாச்சி.

— கிழிஞ்சிருச்சு. இந்தாங்க, நல்லாக் கிழிஞ்சிருச்சு. உள்ள என்ன இருக்குன்னு பாப்போம். காலண்டர் தாளுதான். முருகன் படம் பாதி தெரியுது, கலரு வெலகி அடிச்சிருக்கு. கீழ மாசம் போட்டிருக்கு, மார்ச். வருசம்... ஆயிரத்து தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு.

— சரியாப் பாத்துச் சொல்லு பிள்ள.

— எழுபத்தஞ்சுதான். நீங்க பொறந்ததே எம்பத்தொம்பதுல. எங்க மாமியாரு அப்பக் கல்யாணங்கூட முடிக்கல! தாயி இருக்கன்குடி மாரி, என் வயித்துல பால வார்த்த.

— அண்ணாச்சி, இப்பயாவது நம்புறீகளா?

— இருங்க, ஓரத்துல பொடி எழுத்துல வேற என்னமோ போட்டிருக்கு. அச்சிட்டோர்... வேதமாணிக்கம் பிரஸ், சிவகாசி.

— அந்தத் தாளைக் குடு.

— வேதமாணிக்கம் பிரஸ்னா உங்க பிரஸ்ல? போர்டப் பாத்துத்தான இவுக போன மாசம் வழி கண்டுபிடிச்சு வந்தாக?

— குடுன்னு சொல்றேன்ல!

— குடுத்துரு பிள்ள. அண்ணாச்சி, உக்காருங்க. அந்தப் பெஞ்சில உக்காருங்க.

— எங்க அப்பா.

— என்னது?

— வேதமாணிக்கம் எங்க அப்பா. அப்ப அவுகதான் செக்ரட்டரி. அச்செழுத்து வார்க்க ஈயம் எங்கயுமே கெடைக்காத நேரம். பிரஸ் நின்னு போற நெலம. பாலிஷ் போடணும்னு சொல்லி இந்த இருபத்திமூணையும் எறக்கிக் கொண்டு போனாக. உருக்கி எழுத்தா வார்த்துட்டாக. அந்த எழுத்துலதான் அந்த வருசம் சபைக்குப் பாட்டுப் புத்தகம் அடிச்சுக் குடுத்தாக. அதுல சரியாப் போச்சுன்னு சொன்னாக. சரியாப் போகுமா? மச்சில ராத்திரியும் பகலும் உக்காந்து குழாய் சுத்துனோம். எனக்குப் பத்து வயசு. பசை தடவுனது நான்தான்.

— சபையில ஒருத்தருக்குங்கூடவா தெரியல?

— வெள்ளிக் கலரு அடிச்சு மாட்டுன மொத ஞாயித்துக்கிழமை, எல்லாரும் அப்பா கையப் பிடிச்சுக் கும்பிட்டாக. குழாய் என்னமா மின்னுதுன்னு. நான் பாட்டுக் குழுவுல நிக்கிறேன். சும்மா வாய மட்டும் அசைச்சேன். நாளைக்கு வர்ற மலர்ல மொதப் பக்கத்துல அப்பா படம். “ஆர்கனைக் காத்தவர்”னு போட்டிருக்கேன். பேராயர் அதைத்தான் வெளியிடப் போறாரு.

— ஓகோ! உங்க அப்பா படம் மின்னணும்னு எங்க வீட்டு மனுசன் ஜெயிலுக்குப் போகணுமாக்கும்! தெரிஞ்சுக்கிட்டே எழுதியிருக்கீக. தெரிஞ்சுக்கிட்டே! வரட்டும் இன்ஸ்பெக்டர். இந்தத் தாளோட வாசல்ல நிப்பேன். பேராயர் கார் வந்தாலும் மறிப்பேன்.

— பாண்டிலட்சுமி, போதும்.

— என்ன போதும்? எனக்கு வயிறு எரியுது.

— எனக்குந்தான் எரியுது. ஆனா செத்துப்போன மனுசன். பெத்த தகப்பன். நாளைக்கு ஊரு கூடுற நேரத்துல அவர இழுத்துப் போட்டு நமக்கு என்ன ஆகப் போகுது? அண்ணாச்சி, இந்தக் கிழிசலை நான் இப்பவே சுத்தி ஒட்டிருறேன். இன்ஜினியர்கிட்ட, பழைய காலத்துலயே மாத்துனதாம், விசாரிச்சாச்சுன்னு சொல்லிருங்க. யாருன்னு எங்க வாயில வராது. அவளும் சொல்ல மாட்டா. நீங்க எழுதுன காகிதத்த மட்டும் கிழிச்சிருங்க.

— நீங்க ரொம்ப நல்லவுகளா இருங்க. நான் வீட்டுல வந்து பேசிக்கிறேன்.

— விடு பிள்ள. நேத்து அந்த இன்ஜினியர் திடுதிப்புன்னு தட்டவும் அண்ணாச்சிக்குக் கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது. அந்தப் பயத்துல கண்ணுல பட்ட ஆளு பேர எழுதிட்டாக. யாருன்னாலும் அப்படித்தான்.

— முனியராஜ்.

— சொல்லுங்க அண்ணாச்சி.

— நீ மன்னிச்சது எங்க அப்பாவத்தான். என்னைய மன்னிச்சிராத. இன்ஜினியர் வாராருன்னு எனக்கு ரெண்டு மாசம் முன்னாலயே தெரியும்லே. அதுக்கப்புறந்தான் பெயிண்ட் அடிக்க ஆளு பாத்தேன். பெயிண்டர் எவனையும் தேடல. குழாய் சுத்துறவன் ஒருத்தன் வேணும்னு விசாரிச்சுத்தான் உன்னையக் கூப்பிட்டேன்.