தங்காக் வழியாக

— கதவ சாத்துங்க. ஏர்கோன கூட்டி வைங்க. எங்க சித்தி சன்னல் வழியா இந்தக் காடியையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் கத்தறது அதுக்குக் கேக்கக் கூடாது.

— லோஷினி, முதல்ல கொஞ்சம் தண்ணி குடி.

— தண்ணியும் வேணாம், ஒன்னும் வேணாம். தங்காக். யுகேந்திரன், எனக்கு அது மட்டும் வெளங்கவே இல்ல. பெர்மாஸ் ஜெயாவுல இருந்து சிம்பாங் ரெங்கம் வரணும். ஹைவேயில ஒரே கோடு. பதிமூனு காடிய பின்னால இழுத்துக்கிட்டு, எங்க டோல தாண்டி, இன்னும் நூறு கிலோமீட்டர் போயி, தங்காக்ல துணிக்கடை வாசல்ல நிப்பாட்டியிருக்கீங்க. நிச்சயதார்த்தத்துக்கு.

— அங்கயும் தாமான் மெலாத்தின்னு ஒரு குடியிருப்பு இருக்கு. அங்கயும் ஜாலான் மெலாத்தி அஞ்சுன்னு ஒரு தெரு. ரெண்டும் ஒரே மாதிரி அட்ரஸ். கை தவறி அதப் போட்டுட்டேன்.

— கை தவறி. நீங்க என்ன வேலை செய்யறீங்க, சொல்லுங்க பாப்போம்.

— உனக்குத் தெரியும்.

— தெரியும். உங்க வாயால கேக்கணும். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு உங்க ராஜசேகரன் மாமா அரை மணி நேரம் எங்கப்பாவ உக்கார வச்சி சொன்னாரே. ‘மாப்பிள்ளை காடிக்கு மூளை செய்யறாரு’ன்னு.

— செனாய் பேக்டரியில, காடி டேஷ்போர்டுல வைக்கிற கம்ப்யூட்டர். அதுல மேப் பிரிவு என்னோடது. அதாவது, வழி சரியா காட்டுதான்னு ஓட்டிப் பாக்கறது.

— எந்தெந்த நாட்டுக்குப் போகுது?

— லோஷினி.

— சொல்லுங்க.

— போலந்து, பிரேசில், தாய்லாந்து. எல்லாம் சேத்து முப்பது நாடு.

— முப்பது நாட்டுக்காரன் உங்கள நம்பி ஒழுங்கா வீடு போயி சேர்றான். மாட்டுனவ நான் ஒருத்திதான். எங்க வீட்டுக்கு நீங்க அட்ரஸ் தட்டவே வேணாமே. ‘லோஷினி வீடு’ன்னு பேரு போட்டு வச்சிருக்கேன், ஒரு தடவ தொட்டா போதும்னு மார்ச் மாசம் இதே சீட்டுல உக்கார வச்சி நீங்கதான் காட்டுனீங்க. நானும் வெக்கமில்லாம சிரிச்சேன். அப்புறம் எப்படி கை தவறும்?

— தவறிடுச்சி. மன்னிச்சிக்கோ.

— பத்து மணிக்கு நிச்சயம். வந்து எறங்கினது பன்னெண்டு பத்துக்கு. எமகண்டம் பொறந்து பத்து நிமிஷம் ஆச்சி. ஐயரு கடியாரத்தப் பாத்தாரு, என் மூஞ்சிய பாத்தாரு, துண்ட உதறிக்கிட்டு கிளம்பிட்டாரு.

— ஒன்றரைக்கு மேல திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு.

— அவரு வருவாரு. அதுவரைக்கும் உங்கம்மா இருக்கணுமே. பதினோரு சீர்தட்டு கொண்டாந்தீங்க, ஒன்னு கூட எங்க வீட்டுப்படி ஏறல. எல்லாம் காடியிலயே வெந்துக்கிட்டு இருக்கு. உங்கம்மா கேட் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு எங்க அத்தைகிட்ட சொல்றாங்க, ‘வர்ற வழியே மறைஞ்சி போச்சின்னா, வேணாம்னு சாமி சொல்லுது’ன்னு. என் காதுபட.

— அம்மா கோவத்துல பேசறாங்க.

— கோவத்துலயும் பேசுவாங்க, சந்தோஷத்துலயும் பேசுவாங்க. கல்யாணம் ஆனதும் நர்ஸ் வேலைய விட்டுட்டு பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்து வீட்டப் பாத்துக்கணும்னு சொன்னப்ப ரொம்ப சந்தோஷமாத்தான் இருந்தாங்க. அன்னைக்கு நீங்க தேத்தண்ணி கோப்பைக்குள்ள எதையோ தேடிக்கிட்டு இருந்தீங்க.

— அது தப்புதான். அன்னைக்கே பேசியிருக்கணும்.

— இன்னைக்காவது பேசுங்க. உள்ள போயி எல்லாரும் கேக்க சொல்லுங்க. சாமியும் இல்ல, சகுனமும் இல்ல, மெஷின் கோளாறு, தப்பா வழி காட்டிடுச்சின்னு. ஒரே ஒரு வார்த்த. உங்கம்மா அடங்கிருவாங்க.

— அத மட்டும் சொல்ல முடியாது.

— ஏன்?

— மெஷின் தப்பு பண்ணல. நான்தான் பண்ணேன். அதத்தான் வந்ததுல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— அத உங்கம்மா நம்பல. ‘தினம் நூறு தடவ அட்ரஸ் தட்டுற கை இன்னைக்குன்னு பாத்து தப்புதுன்னா, அது கை இல்ல, விதி’ங்கறாங்க. மெஷின் மேல பழியப் போட்டாத்தான் விதி எறங்கும்.

— செவ்வாய்க்கிழமை துருக்கியில இருந்து ஆளுங்க வர்றாங்க. இந்த மாடல வாங்கலாமான்னு பாக்க. இதே ஸ்கிரீன்தான், மூணு மாசமா என் காடியில மாட்டி ஓட்டிப் பாக்கறேன். தங்காக்ல மாமா லைவ் போட்டுட்டாரு. ‘உலகத்துக்கு வழி காட்டுற மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டுக்கு வழி தெரியல’ன்னு. நாப்பதாயிரம் பேரு பாத்தாச்சி. என் மேனேஜர் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாரு. இப்ப நானே எந்திரிச்சி மெஷின் தப்புன்னு சொன்னா, மாமா அதையும் எடுத்துப் போடுவாரு.

— ஓ. துருக்கிக்காரனுக்காக நான் ராசி இல்லாதவளா இருக்கணும்.

— நாப்பது பேரு மூணு வருஷம் ஒழைச்சது லோஷினி. தப்பே பண்ணாத ஒன்னு மேல எப்படி பழியப் போடறது?

— நான் மட்டும் தப்பு பண்ணனா? நாலரைக்கு எழுந்திரிச்சி குளுவாங் டவுனுக்கு மேக்கப் போட போனவ நான். சேலைய கட்டி, பூவ வச்சி, கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நாலு தடவ கூப்பிட்டேன், நீங்க எடுக்கல.

— எடுத்தா காடி முழுக்க ஸ்பீக்கர்ல கேக்கும். அம்மா பக்கத்துல இருந்தாங்க.

— கேக்கட்டுமே. அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சிப் பாத்தீங்களா? இவரு வரப் போறதில்ல, இவருக்கு நான் வேணாம், எனக்கு நல்லா வேணும்னு உள்ளுக்குள்ள ஓடுது. வெளிய எல்லாரையும் பாத்து சிரிக்கறேன்.

— ஒரு மணி நேரமா?

— ரெண்டு. என்ன, இப்ப அதுக்கும் டெஸ்ட் வைக்கப் போறீங்களா?

— இல்ல. சும்மா கேட்டேன்.

— எங்கப்பாவ பாத்தாத்தான் எனக்கு இன்னும் எரியுது. கேஸ் தோம்பு கொண்டு வர்றவன் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலே ரோட்டுல நிக்க வச்சி கிழிக்கிற மனுஷன். இன்னைக்கு உங்கள ஒரு கேள்வி கேக்கல. ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு ‘உள்ள வாங்க தம்பி, உள்ள வாங்க’ங்கறாரு. பொண்ணப் பெத்துட்டா இவ்வளவு கூனிக் குறுகணுமா?

— அவரத் திட்டாத.

— என் அப்பாவ நான் திட்டுவேன். நீங்க யாரு கேக்கறதுக்கு?

— டேய் யுகன். கண்ணாடிய எறக்கு.

— அக்கா, கொஞ்ச நேரம் குடு. பேசிக்கிட்டு இருக்கோம்.

— பேசிக் கிழிச்ச. பின்கதவத் தொற, வெயில்ல மண்ட வெடிக்குது. நகரு, இந்த மாலைய யாருடா சீட்டுல வச்சது. இந்தா புள்ள லோஷினி, நீயும் கேளு. நாளைக்கு நான் உனக்கு நாத்தனாரா இருக்கேனோ இல்லையோ, இத நீ தெரிஞ்சிக்கணும்.

— சொல்லுங்க அண்ணி.

— அம்மா தட்டோட திரும்பலாம்னு நிக்குது. மாமா காடிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. இருங்க, மெஷின் கோளாறா என்னான்னு நானே பாக்கறேன்னு சொல்லிட்டு போன எடுத்தேன். இந்தக் காடிக்கு ஒரு ஆப் இருக்கு. எங்க நின்னுச்சி, எங்க திரும்புச்சி, எத்தன மணிக்கு என்ன அட்ரஸ் போட்டாங்க, எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கும். போன மாசம் நான் இந்தக் காடிய எடுத்துக்கிட்டு மலாக்கா போனப்ப இவனே என் போன்ல போட்டுக் குடுத்தான்.

— அக்கா, வேணாம். மூடி வை.

— என்னாத்துக்கு மூடறது? எனக்கு கண்ணாடி இல்லாம சரியா தெரியல. இந்தா புள்ள, நீ சத்தமா படி. எட்டு அஞ்சு, பெர்மாஸ் ஜெயா. என்ன போட்டிருக்கு?

— ‘லோஷினி வீடு.’

— சரியாப் போட்டிருக்கான். கையும் தவறல, மெஷினும் தவறல. இப்ப அதுக்குக் கீழ. ஒம்பது பன்னெண்டு. கூலாய்ல காடிக்கு எண்ணெய் ஊத்த நின்னோம். எல்லாரும் கக்கூசுக்கும் தேத்தண்ணிக்கும் எறங்கிப் போயிட்டோம். இவன் ஒருத்தன்தான் காடிகிட்ட நின்னான். அங்க என்ன எழுதியிருக்கு?

— எங்க வீட்ட அழிச்சிருக்கு. தாமான் மெலாத்தி. தங்காக்.

— அத கையால தட்டியிருக்கான், ஒவ்வொரு எழுத்தா. ஐயய்யோ அலமாக், எனக்கு அப்பவே ஒறைச்சிச்சி. சிம்பாங் ரெங்கம் டோல் தாண்டறப்ப அம்மா கேட்டுச்சி, ‘டேய், தாண்டிட்டோமேடா’ன்னு. ‘முன்னால ஆக்சிடன்டும்மா, மெஷின் சுத்து வழி காட்டுது’ன்னு சொன்னான். மெஷினே சொல்லிடுச்சின்னு நாங்களும் வாயப் பொத்திக்கிட்டு வந்தோம். பின்னால பதிமூனு காடி, ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கல. தங்காக்ல நின்னதும் அத்தைங்க ரெண்டு பேரு எறங்கி சேலை எடுக்கப் போயிட்டாங்க. அவங்கள கடையில இருந்து இழுத்துக்கிட்டு வந்தது நான்.

— அக்கா, போதும்.

— போதாது. டேய், இந்தப் புள்ள வேணாம்னா ஆறு மாசத்துக்கு முன்ன சொல்லியிருக்கணும். சொந்தபந்தத்த எல்லாம் ரோட்டுல அலைய வச்சி, ஒரு பொம்பளப் புள்ளைய அலங்காரத்தோட உக்கார வச்சி, என்னடா வெளாட்டு இது? நம்ம அப்பா உசுரோட இருந்திருந்தா செருப்பக் கழட்டியிருப்பாரு. அவருக்குப் பதிலா நான் இருக்கேன். வேணுமா, வேணாமா? ஒரு வார்த்த.

— வேணும்.

— அப்ப இதுக்கு என்ன அர்த்தம்?

— அக்கா, நீ உள்ள போ. அஞ்சே நிமிஷம். அம்மாவ நாற்காலிய விட்டு எந்திரிக்க விடாத. அந்தப் போன யாருகிட்டயும் காட்டாத. எனக்காக.

— உனக்காக ஒரு மண்ணும் செய்ய மாட்டேன். இந்தப் புள்ள மொகத்துக்காக அஞ்சு நிமிஷம் தர்றேன். அதுக்கப்புறம் மாமா கிளம்புனா நான் தடுக்க மாட்டேன். இந்தா புள்ள, அழுவாத. மை கலையுது. அழுவறதுன்னா இவன அழ வை.

— நான் அழுவல அண்ணி. நீங்க போங்க.

— லோஷினி.

— கையால தட்டினியா?

— ஆமா.

— ஒவ்வொரு எழுத்தா.

— ஆமா.

— ஆறு மாசமா உன்ன நீங்க வாங்கன்னு கூப்பிட்டேன் பாரு, எனக்கு என் மேலயே வெறுப்பா இருக்கு. என் பேர அழிச்சிட்டு வேற ஊரப் போட்டியே, அப்ப உனக்கு என்ன தோணிச்சி? வேணாம்னா ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல. வீட்டுல சொல்லிட்டு நான் பாட்டுக்கு டியூட்டிக்குப் போயிருப்பேன்.

— வேணும்னு இப்பத்தானே சொன்னேன்.

— உங்கக்காகிட்ட சொன்ன. செருப்பு வர்றதுக்கு முன்ன சொன்ன.

— லோஷி, இத விட்டுடு. நான் மடையன்னே இருக்கட்டும். ஊரு சிரிக்கட்டும். மேனேஜருக்கு செவ்வாய்க்கிழமை நான் பதில் சொல்லிக்கறேன். நீ உள்ள போயி உக்காரு. ஒன்றரைக்கு ஐயரு வருவாரு. அம்மாவ நான் சமாளிக்கறேன். உன் வேலையப் பத்தியும் இன்னைக்கே பேசறேன், நீ வேலைய விட வேணாம்.

— என் வேலையக் காட்டி என் வாய அடைக்கப் பாக்காத. யாரு இருக்கா தங்காக்ல?

— யாரும் இல்ல. நான் அந்த ஊருக்குள்ள இன்னைக்குத்தான் முதல் தடவ போனேன்.

— பின்ன எதுக்கு தங்காக்?

— போயிட்டுத் திரும்பி வர்ற நேரத்த மேப்புல கணக்குப் போட்டேன். மூவார் போதாது. மலாக்கா ரொம்ப தூரம். தங்காக் சரியா வந்துச்சி. அதே பேருல ஒரு தாமானும் இருந்துச்சி.

— கணக்குப் போட்டே பண்ணியிருக்க. எதுக்கு நேரம்? என் மானம் போறதுக்கு எத்தன மணி நேரம் வேணும்னு கணக்கா?

— கேக்காத லோஷி. இன்னைக்கு வேணாம்.

— சரி. கேக்கல. நான் எறங்கறேன். உள்ள போயி எங்கப்பாகிட்ட சொல்றேன், ‘இவரு வேணும்னே பண்ணாரு, தட்டோட அனுப்பி வைங்க’ன்னு. உங்கம்மா, எங்க சித்தி, உங்க மாமா போன், எல்லாத்துக்கும் முன்னால சொல்றேன்.

— உங்கப்பாகிட்ட சொல்லாத.

— ஏன்? இப்பத்தான் பயம் வருதா?

— பயம் இல்ல. அவருக்குத் தாங்காது.

— எங்கப்பாவ பத்தி நீ பேசாத. நீ பண்ணது தெரிஞ்சா அவரு உன்ன இந்த கேட்டுக்குள்ள கால் வைக்க விட்டிருப்பாரா?

— அவருக்குத் தெரியும். கூலாய்ல நான் எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கறப்ப கூப்பிட்டது அவருதான். ‘தம்பி, மேக்கப் போட போன புள்ள அங்க வரவே இல்லயாம், போனையும் அடைச்சி வச்சிருக்கு, இங்க இன்னும் யாருக்கும் தெரியாது, ரெண்டு மணி நேரம் எப்படியாச்சும் எல்லாரையும் நிப்பாட்டி வைங்க’ன்னு அழுதாரு. ‘வந்துட்டா’ன்னு பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாரு, லோஷி. அதுக்கப்புறம்தான் நான் காடிய இந்தப் பக்கம் திருப்பினேன்.