மான் ஓடும், பலகை ஓடாது

மேல்விஷாரத்திலிருந்து வேலூர் போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரண்டு இளம் நர்சுகள். ஒருத்தியின் மடியில் நீளமான வில் பை.

“மான் ஓடும். நம்ம குறிப்பலகை எங்கடி ஓடப்போவுது?” என்றாள் வில்லுக்காரி.

“இன்னாடி சொல்ற?” என்றாள் தோழி.

“என் வில்லுல மாட்டியிருந்த பழைய சைட்ல குறி பாக்க அஞ்சு புள்ளி, ஒவ்வொரு தூரத்துக்கும் ஒண்ணு. அது வேட்டைக்குத்தான் சரி. போன போட்டியில பதட்டத்துல வேற புள்ளிய வெச்சி வுட்டேன். அம்பு பலகைக்கு மேல போய்ட்டுது. இப்ப ஒத்தப் புள்ளி சைட் மாட்டிட்டேன்.”

“தூரம் மாறுனா?”

“சைட்ல இருக்குற சக்கரத்தத் திருப்பி, அந்தப் புள்ளிய தூரத்துக்கு ஏத்த மாதிரி வெச்சிக்குவேன். மான் வேட்டை மாதிரி அவசரம் இல்லியே.”

“நாளைக்குப் போட்டியிலயும் தவறிட்டா?”

“தவறுனா என் கைதான் காரணம். கைய நான் பாத்துக்குவேன்.”

தோழி சிரித்துவிட்டாள். “சரி, நாளைக்கு உன் டூட்டிய நான் பாத்துக்குறேன். நீ போய் அடி.”