சிவப்பு நூல் கட்டின ஸ்ட்ரா

ஹலோ... ஹலோ, மீன் ஆராய்ச்சி நிலையமா? காகலி தீதியா? பிபூதி பேசறேன், நைஹாட்டி மீன்பண்ணையிலேருந்து... ஆமா, ஆமா, உறைய வச்ச விந்துல முதல் ஸ்ட்ராவை உருக்கிட்டேன்... இல்ல தீதி. விந்து ஒண்ணுகூட அசையல.

மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சுக்கிட்டேதான் பேசறேன். ஒரு சொட்டுத் தண்ணி விட்டும் பார்த்தாச்சு. அத்தனையும் செத்துக் கிடக்கு... நாப்பது டிகிரி வெந்நீர். ஏழே செகண்ட். நீங்க சொன்னபடிதான்... ஐயோ, எனக்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா?

...ஒண்ணுதான் மிச்சம். நைட்ரஜன் கேன்ல விந்து அடைச்ச ஒரே ஒரு ஸ்ட்ரா. அதுவும் போச்சுன்னா படோபாபுவோட வம்சம் அவ்வளவுதான்... போன மாசமே செத்துப்போச்சே தீதி, மறந்துட்டீங்களா? அந்த மாதிரி கங்கைக் கட்லா ஆண் மீனு இப்ப யாரு வலையில விழுது? இருக்கறதெல்லாம் பண்ணையிலயே பொறந்து பண்ணையிலயே கட்டிக்கிட்ட நோஞ்சானுங்க.

ம்... பொட்டை மீன்லேருந்து முட்டை பிழிஞ்சாச்சு. ஒரு கிண்ணம் மட்டும் படோபாபுவுக்குன்னு தண்ணி படாம ஒதுக்கி வச்சிருக்கேன். பத்து நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல தூக்கித்தான் கொட்டணும்.

யாரு, முதலாளியா? கர்த்தா இதோ நிக்கறாரே. குளிச்சுட்டு, புது வேட்டி, கையில கங்கைத் தண்ணிச் செம்பு. பக்கத்துல கர்த்தாம்மா சங்கோட. "படோபாபுவுக்கு என் மேல கோவம், அதான் வாரிசு தரமாட்டேங்குது"ன்னு தலையில அடிச்சுக்கறார்... குளத்துக்குக் காத்து விடற மெஷின் நின்னு படோபாபு செத்தப்ப இவர் மச்சான் வீட்டு விருந்துல இருந்தாராம். அதை நெனச்சு நெனச்சு உருகறார்.

என்னது? வைட்டமினா?... ம்... உறைய வைக்கறப்பவே போட்டேனே. ரெண்டு ஸ்ட்ராவுலயும் போட்டேன்னு நோட்டுல எழுதியிருக்கேனே... ஆமா... ஆமா தீதி...

இருங்க, கொஞ்சம் வெளிய வந்துடறேன்.

தீதி, திட்டாதீங்க. முதல் ஸ்ட்ராவுல போடல... நீங்க கொடுத்த குப்பியில வைட்டமின் ஈ-ன்னு எழுதியிருந்துச்சா, சுசேதா எடுத்து மூஞ்சியில தடவிட்டா... என் பொண்டாட்டிதான், வேற யாரு! தங்கச்சி கல்யாணம், மூஞ்சி மினுங்கணுமாம்... சிரிக்காதீங்க, இங்க எனக்கு உயிர் போகுது... சரி, திட்டுங்க. திட்டுங்க.

அடியில கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. ஒரு ஸ்ட்ராவுக்குத்தான் பத்துச்சு. அதுல அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன்... அளவு சரிதான், சத்தியமா! ஒரு துளி மருந்து என்னத்தைப் பெருசா காப்பாத்தப் போகுதுன்னு நெனச்சுட்டேன்... தெரியும், தெரியும், உறைஞ்சு உருகறப்ப உள்ளுக்குள்ள கெட்டுப்போகாம அதுதான் காக்கும். இப்பத் தெரியுது... மருந்து போடாத ஸ்ட்ராவை ஏன் முதல்ல எடுத்தேனா? அது பிழைச்சிருந்தா என் பொய்யும் பிழைச்சிருக்கும். அதான்.

சரி. சரி தீதி. உள்ள போறேன். சிவப்பு நூல் ஸ்ட்ராவைக் கேன்லேருந்து எடுத்துட்டேன். போனைத் தோள்ல இடுக்கிக்கறேன், வைக்காதீங்க.

ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு... ஏழு. துடைச்சாச்சு. நுனியை வெட்டி... தனியா ஒரு சின்னக் கிண்ணியில விட்டாச்சு.

கர்த்தா! வேணாம் கர்த்தா, தெளிக்காதீங்க! ஐயய்யோ... தீதி, கங்கைத் தண்ணியைத் தெளிச்சுட்டார்! நேரா விந்து மேலயே!... அதான் தெரியுமே, தண்ணி பட்ட உடனே முழிச்சுக்கும், ஒரு நிமிஷம் நீந்தும், அப்புறம் ஓய்ஞ்சு போயிடும்... ஊத்தறேன், முட்டையில ஊத்தறேன்! இறகு எங்கடா, கலக்கற இறகு... ஆச்சு, கலக்கறேன். கர்த்தா, இப்ப அந்தச் செம்பைக் கவுத்துங்க! மொத்தமா! அட, முட்டையோட சேந்தாச்சு, இப்ப ஊத்தலாம், ஊத்துங்க!

கிண்ணியில ஒரு சொட்டு ஒட்டியிருக்கு... மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியில வைக்கறேன்... இருங்க. இருங்க தீதி.

...ஓடுது.

தீதி, ஓடுது! பாதிக்கு மேல ஓடுது! முப்பது செகண்ட் ஆச்சு... முப்பத்தஞ்சு... நாப்பது, இன்னும் நிக்கல... அம்மா, சங்கை நிறுத்துங்க, போன்ல ஒண்ணும் கேக்கல!... அம்பது... இப்பதான் ஓயுது. போதும். முட்டைக்குள்ள போறதுக்கு அது தாராளம்.

...இல்ல, அழல. சளி.

கர்த்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறார். படோபாபு முதல் தடவை மன்னிக்கலையாம், கங்கையம்மா கெஞ்சினதால ரெண்டாவது தடவை மனசு இரங்குச்சாம். உங்ககிட்டப் பேசணுங்கறார்... வேணாம் தீதி, நீங்க சொல்லாதீங்க. மனுஷன் ஒரு மாசமா சரியாச் சாப்பிடல. நானே சொல்லிடறேன்.

கர்த்தா, இப்படி உக்காருங்க. படோபாபுவுக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்ல. முதல் ஸ்ட்ரா செத்தது என்னாலதான்... தீதி, வச்சிடறேன்.