தங்கையின் வலது கன்னம்

முகம் வரைகிறவர்கள் பென்சிலை மெஷினில் சீவக் கூடாது. மெஷின் முனையைக் கூராக்குமே தவிர நீளமாக்காது. எங்களுக்கு நீளமான முனை வேண்டும், அதற்கு பிளேடுதான் சரி. என் பையிலிருந்த பிளேடை எடுத்துப் பார்த்துவிட்டு நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன். பென்சிலைத் தவிர வேறு எதையும் அது தொட்டதில்லை.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்றுதான் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஒரு ரெடிமேட் துணிக்கடையின் பின்னறையில், வாங்கிய துணியை ஆளுக்குத் தக்கபடி பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண் மங்கவில்லை, முதுகு மட்டும் ஒத்துழைக்காததால் வேலையை விட்டேன்.

தங்கைக்கு எங்கள் வீட்டில் ரேடியோ என்று பெயர். யாராவது வந்துவிட்டுப் போனால் கதவைச் சாத்துவதற்குள் அவர்களைப் போலவே பேசி நடந்து காட்டிவிடுவாள். என்னையும் விட்டுவைத்ததில்லை. குண்டூசியைக் கவ்விக்கொண்டு நான் "உம், உம்" என்று பதில் சொல்வதை அவள் செய்து காட்டினால் வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவள் கணவர் இறந்து, மகளும் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு என்னோடு வந்து இருந்தாள். நான் தைப்பேன், அவள் பேசுவாள். அப்படித்தான் வருஷங்கள் ஓடின.

பக்கவாதம் அவளுடைய வலது கையையும் காலையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோயிற்று. வலது கன்னம் சரிந்து, உதட்டின் ஓரம் கீழே இறங்கிவிட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "வா, வா" என்று ஒரே சத்தம்தான் வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் வாய்விட்டு அழுதேன். அது நடிப்பில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி பெண் வந்துபோனாள். விரல்களில் பிடிமானம் வருவதற்காக அவளே பென்சிலும் தாளும் கொண்டுவந்து வட்டம் போடச் சொன்னாள். தங்கையின் கையில் பென்சில் நிற்கவில்லை, நழுவி உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. அந்தப் பெண் கிளம்பிய பிறகு நான் குனிந்து அதை எடுத்தேன். தங்கை களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் அவள் காதை வரைந்து பார்த்தேன்.

காது அப்படியே வந்துவிட்டது. தோடு போட்டுப் போட்டு நீண்டுபோன ஓட்டைகூட வந்திருந்தது. இந்த வயதில் இப்படியொரு சந்தோஷம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் விழித்ததும் காட்டினேன். பாதி வாயால் சிரித்து, இடது கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அதன் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. போனில் ஒருவர் முகம் வரையக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். "கண்ணுன்னு நினைக்காதீங்க, உதடுன்னு நினைக்காதீங்க. எங்க இருட்டு, எங்க வெளிச்சம், அவ்வளவுதான்" என்பார். ஸ்டேஷனரி கடையில் வெளிர் நிழலுக்குக் கெட்டிப் பென்சிலும் கருமைக்கு மெத்தென்ற பென்சிலும் வாங்கினேன். மாவு மாதிரிப் பிசைந்து ஒற்றி எடுக்கிற ரப்பர் ஒன்று உண்டு, அதையும் வாங்கினேன். பெரிய தாளில் அவள் முகத்தைத் தொடங்கினேன்.

இது அவசரத்தில் ஆகிற வேலையில்லை. ஒரு கன்னத்தின் நிழலுக்கே நாள்கணக்கில் மேலே மேலே பூச வேண்டும். ஜன்னலிலிருந்து காலை வெளிச்சம் இடது பக்கமாக விழும்படி அவள் நாற்காலியைப் போட்டு, தலை சாயாமல் இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தேன். அப்படி உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது? ஒரு நிமிஷம் நிற்காத முகம் அது. இப்போது நின்றது. எவ்வளவு அழகான முகம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒருநாள் பயிற்சிப் பெண் அவள் வாயருகே கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாருங்கம்மா, கன்னம் எழும்புது. தினமும் கண்ணாடி முன்னாடி உக்கார வச்சு ஆ, ஈ, ஊ சொல்ல வைங்க. இன்னும் கொஞ்ச நாள்ல உங்க தங்கச்சி உங்களோட சண்டையே போடுவாங்க."

நல்ல செய்திதான். நான் கன்னத்தைப் பார்த்தேன், பிறகு தாளைப் பார்த்தேன். மூக்கோரத்திலிருந்து வாய்வரை ஓடிய நிழல் குறுகிப் போயிருந்தது. நான் வரைந்து முடித்த பகுதி இப்போது அவள் முகத்தில் இல்லை. அழுகை வந்தது. அந்தப் பெண் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

படம் முடியட்டும், பிறகு பயிற்சி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். இதில் என்ன தப்பு? பயிற்சி எங்கே ஓடிப்போகப் போகிறது? கண்ணாடியை எடுத்து பீரோவில் வைத்தேன். அந்தப் பெண்ணிடம், மகள் எங்களைத் தன்னோடு அழைத்துப் போகிறாள், திரும்பி வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். மகளிடம், அந்தப் பெண் தவறாமல் வருகிறாள் என்றேன். இருவரும் சந்தேகப்படவில்லை. என்னை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மகள் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். ஒருமுறை கேட்டாள், "பெரியம்மா, ஏன் அம்மா ஒரு மாதிரி இருக்காங்க? என்னமோ சொல்ல வர்றாங்க பாருங்க."

"களைப்பா இருக்காம்மா. இப்பதான் பயிற்சி முடிஞ்சுது."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு இடது கையால் போனைப் பிடித்து இழுத்து, "வா, வா" என்றாள். வரச் சொல்கிறாள் என்று மகள் சிரித்தாள். லீவு கிடைத்ததும் ஓடி வருவதாகச் சொன்னாள்.

தங்கை தானாகவே பயிற்சி செய்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். நான் சமையலறையில் இருக்கும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு "அ… அக்…" என்று முயற்சி செய்வது எனக்குக் கேட்கும். பாவமாகத்தான் இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "உடம்பை வருத்திக்காதேடி, பேசாம இரு" என்று தலையைத் தடவிக் கொடுப்பேன்.

ஒரு காலை, படத்தை அவள் மடியில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். என் கையிலிருந்த பென்சிலை இடது கையால் பிடுங்கி, படத்தில் சரிந்திருந்த உதட்டோரத்தில் ஊன்றி, மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தாள். அழுத்தமான கோடு. பிறகு என்னைப் பார்த்து அழுதாள். கோபித்துக்கொள்ளாமல் ரப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஆனால் பள்ளம் விழுந்த தாளில் பூச்சு ஏறாது, அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். அதைச் சரிசெய்ய என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். மறுநாள் முதல் வரைகிற நேரத்தில் மட்டும் அவள் இடது கையை நாற்காலிக் கையோடு துணிப்பட்டையால் கட்டினேன். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பட்டை. மணிக்கட்டில் ஏதோ தடம் இருந்ததாகச் சொன்னீர்கள். அவள் இழுத்திருப்பாள், நான் இறுக்கிக் கட்டவில்லை.

அடுத்தது மாத்திரை. பிரஷருக்காகக் கொடுத்ததில் ஒன்று நீர் போகிற மாத்திரை. காலையில் அதை விழுங்கினால் நல்ல வெளிச்சம் இருக்கும் நேரத்தில் மூன்று நான்கு தடவை பாத்ரூம் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கட்டை அவிழ்த்து, தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போய்த் திரும்ப உட்கார வைத்தால் தலை பழைய இடத்தில் நிற்காது. மாலையில் கொடுத்தால் அவள் தூக்கம் கெட்டு மறுநாள் கண் வீங்கிவிடும். அதனால் அதை மட்டும் நிறுத்தினேன். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. மற்ற மாத்திரைகளைத் தவறாமல் கொடுத்தேன்.

இத்தனை செய்தும் கன்னம் என் சொல் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டேதான் இருந்தது. தினமும் பென்சிலோடு உட்கார்ந்து, வரைய முடியாமல் எழுந்திருப்பேன். படத்தில் இருப்பவள் ஒருத்தி, நாற்காலியில் இருப்பவள் இன்னொருத்தி. கடைசியில் எனக்கு நாற்காலியில் இருப்பவள் மேல்தான் கோபம் வந்தது. வலது கன்னம் பாதியில் நின்றது. முடிக்காமல் விட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

அந்தக் காலையில் வழக்கம்போல உட்கார வைத்துக் கட்டினேன். தலை வலிப்பது போல முகத்தைச் சுளித்தாள். வெளிச்சம் நன்றாக வந்துகொண்டிருந்தது. நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது அவள் தெளிவாகச் சொன்னாள்:

"அக்கா."

நோய் வந்த நாளிலிருந்து அவள் முழுதாகச் சொன்ன முதல் சொல் அது. எனக்குப் புல்லரித்தது. அவள் கண் பயந்துபோய் என்னையே பார்த்தது. நான், "கொஞ்ச நேரம் பேசாம, அசையாம இருடி, முடிச்சிடறேன்" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கன்னம் இறங்கியது. யாரோ கைபிடித்து இறக்குவது போல மெதுவாக இறங்கி, உதட்டோரம் சரிந்து, என் தாளில் எங்கே இருந்ததோ சரியாக அங்கே வந்து நின்றது. மீண்டும் பக்கவாதம் என்று எனக்குத் தெரிந்தது. முதல் முறையும் பக்கத்தில் இருந்தவள் நான்தானே. எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரி போகிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்கலாம் என்று அன்றே சொல்லியிருந்தார்கள். போன் என் மடியிலேயே இருந்தது.

நான் வரைந்தேன். வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போகும்வரை வரைந்தேன். பிறகு பட்டையை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் அந்தப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்து நன்றி சொல்லியிருக்கிறாள். இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றிருக்கிறாள். அதிலிருந்துதான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள்.

நான் செய்யவில்லை என்று சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தியது நான், பார்த்துக்கொண்டே இருந்தது நான். ஆனால் தங்கையை நான் வெறுத்தேன் என்று அவள் மகள் சொல்கிறாளே, அதை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அன்று காலை முழுவதும் நாங்கள் எவ்வளவு அன்பாக இருந்தோம் என்று அவளுக்குத் தெரியாது. வாழ்நாளில் முதல் தடவையாக, நான் கேட்டுக்கொண்டேன் என்பதற்காக, என் தங்கை பேசாமல் அசையாமல் எனக்காக உட்கார்ந்திருந்தாள்.