இரும்புப் படி

அந்த வரியை இன்னொரு தடவை படிங்க. ம். இந்த நாள் முதல் அனைத்துத் தொழிலாளர்களும் சமமாக இந்தப் படிக்கட்டைப் பயன்படுத்தினர். யாரு எழுதினது இதை? நீங்களா? எந்திரிக்காதீங்க, உக்காருங்க. கோவம் உங்க மேல இல்ல. சரி, உங்க மேலயும் கொஞ்சம் இருக்கு. தம்பின்னு கூப்பிடலாமில்ல? சார் சார்னு நாக்கு தேஞ்சதே அந்தக் கம்பெனிக் கட்டடத்துலதான், இனிமே நம்மளால ஆகாது.

இந்த நினைவுக் கல்லு எப்ப பதிக்கிறீங்க? வியாழக்கிழமையா. அப்ப இன்னைக்கே பேசி முடிச்சாகணும். கல்லுல ஏறிட்டா அப்புறம் அதுதான் உண்மைன்னு ஆயிடும், நான் தொண்டை கிழிய கத்தினாலும் எவன் கேப்பான். அடுத்த வரி என்ன? நிர்வாகம் பின்கதவைப் பூட்டியிருந்ததால் தீ விபத்தில் பதினொருவர் இறந்தனர். அதுக்கு வரேன். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னதே. முதல்ல இந்தச் சமத்தைப் பாப்போம். ஒரு பொழுதாவது அங்க சமமா ஏறிப் பாத்தவங்களைக் கேட்டீங்களா இதை எழுதறதுக்கு முன்னாடி?

மூணு மாடி. மூணாவது மாடியில தையல் ஹால், சட்டை தைக்கிறது. ஏற ரெண்டு வழி. முன்னாடி அகலமா மரப்படி, பித்தளைக் கைப்பிடி. வாராவாரம் அந்தக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்க்கிறது நாங்க, பிடிச்சு ஏறுறது மேலத்தெருக்காரங்க. எங்களுக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி வெளியில ஒரு இரும்புப் படி. வெயில்ல கால் வைக்க முடியாது, மழையில வழுக்கும். போர்டெல்லாம் கிடையாது தம்பி. போர்டு வச்சாத்தான் கிழிச்சுப் போட்டிருப்போமே. கீழ்த்தெருவுல பொறந்தவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். வேலையில சேந்த முதல் நாள் என் கையைப் பிடிச்சு அந்தப் படிக்குக் கூட்டிட்டுப் போனது முதலாளி இல்ல, எங்கம்மா. அதை நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

அன்னைக்கு என்கூடவே சேந்தவதான் என் அண்ணி. அண்ணின்னுதான் முறை, என்னைவிட ஒரு வயசு சின்னவ. நான்தான் எங்கண்ணனுக்குப் பேசி முடிச்சு வச்சேன். வாயைத் தொறந்தா ஹாலே சிரிக்கும். மேனேஜருக்குக் கண்ணாடிக்காரன்னு பேரு வச்சதே அவதான். அவன் கண்ணாடியைத் தொடைக்கிற மாதிரியே தொடைச்சுக் காட்டுவா, பின்னாடி அவன் வந்து நிக்கிறதுகூடத் தெரியாம.

ஒரு மழை நாள்ல, தலையில துணி மூட்டையோட முன்படிக்கிட்ட போய் நின்னு கேட்டா. பின்னாடி வழுக்குது, இன்னைக்கு மட்டும் இப்படி ஏறிக்கிறேன்னு. கண்ணாடிக்காரன் நிமிந்தே பாக்கல. உங்க வழி உனக்குத் தெரியாதான்னான். அவ்வளவுதான். அந்த வழியில போனா, நாலாவது படியில விழுந்தா. முழங்கை நொறுங்கிப் போச்சு. அதுக்கப்புறம் அந்தக் கை நேரா நீளவே இல்ல, மடங்கின கையோடதான் மிஷின் ஓட்டினா.

அன்னைக்கு வேலையைப் போட்டுட்டு வெளியில வந்தோம் கீழ்த்தெருக்காரங்க எழுபது பேரும். நாப்பத்தியோரு நாள். கேட்டுக்கு முன்னாடி நின்னது யாரு? நான். போலீஸ் லத்தி முதல்ல விழுந்தது யார் தோள்ல? இந்தா, இந்தத் தோள்லதான். கடைசியில உத்தரவு வந்துச்சு, எல்லாருக்கும் ஒரே வழின்னு. நீங்க போட்டிருக்கீங்களே தேதி, அந்தத் தேதி சரிதான். எழுபது பேரும் வரிசையா முன்படியில ஏறினோம். கைதட்டல் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மேலத்தெருக்காரங்க ரெண்டு பக்கமும் சுவரோட ஒட்டி நின்னு பாத்தாங்க. எங்களுக்கு அடுத்து ஏறின அவங்க ஆளு ஒருத்தி கைக்குட்டை எடுத்துக் கைப்பிடியைத் தொடைச்சுட்டுப் பிடிச்சா. நான் தேச்ச கைப்பிடியை. அதையும் கல்லுல போடுவீங்களா? இடம் இருக்காது, தெரியும்.

ஒரு வாரத்துல எங்க ஆளுங்க ஒவ்வொருத்தியா பழைய படிக்கே நழுவ ஆரம்பிச்சாளுங்க. ஒருத்தி வீட்டுல இருந்து வர்றதுக்கு அதுதான் கிட்டங்கிறா, இன்னொருத்தி மரப்படி ஏறினா மூட்டு வலிக்குதுங்கிறா. பொய். ரெண்டு மாசத்துல முன்படியில ஏறுறது நானும் இன்னும் நாலு பேரும்தான். ஒரு நாள் காலைல பாக்குறேன், இரும்புப் படியில மடங்கின கையோட ஏறிப் போறா என் அண்ணி.

வந்துச்சே எனக்குக் கோவம். அந்தக் கண்ணாடிக்காரன் மேலகூட எனக்கு அப்படி வந்ததில்ல. உனக்காகத்தானேடி நாப்பத்தியோரு நாள் பட்டினி கிடந்தோம், உனக்கு ரோஷமே இல்லையான்னு ஹால்ல எல்லார் முன்னாடியும் கேட்டேன். அவ அன்னைக்குச் சிரிக்க வைக்கல. ரோஷம் இருக்கு, ஆனா அங்க ஏறினா முதுகெல்லாம் கூசுது, மிஷின்ல உக்காந்து கொஞ்ச நேரம் போனாத்தான் சரியாகுது, தினம் தினம் என்னால முடியலன்னா. நான் கேட்டேனா? கேக்கல. உன்னாலதான் நாளைக்கு நம்மளைப் பாத்து அவன் சிரிக்கப் போறான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, மேல இரும்புப் படி முடியிற பின்கதவுல வெளிப்பக்கம் பூட்டு தொங்குது. ஏறி வந்தவளுங்க எல்லாம் இறங்கிச் சுத்திக்கிட்டு முன்படியில வந்தாளுங்க. கண்ணாடிக்காரன்தான் பூட்டிட்டான், நம்மளை வேடிக்கை பாக்கன்னு வாய்க்கு வந்தபடி திட்டினாளுங்க. அவனும் வந்து பூட்டைப் பாத்தான். இனி ஒரு வாசலுக்குக் காவல் போட்டாப் போதும், நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டுப் போயிட்டான். அஞ்சு நாள் எழுபது பேரும் முன்படியில ஏறினோம். அந்த முதல் சில நாளை விட்டா, உங்க கல்லுல இருக்கிற சமம் அஞ்சே நாள்தான் தம்பி.

வெள்ளிக்கிழமை மதியம் அயர்ன் பண்ற மேஜைக்கிட்ட தீப் பிடிச்சுது. பாத்தீங்களா, இதுக்கெல்லாம் அவனைச் சொல்லலாம். தண்ணி வாளி எல்லாம் காலி, வெட்டுத் துணி கூரை வரைக்கும் குவிச்சு வச்சிருந்தான். முன்படிக் கதவு விரியத் தொறந்து கிடக்கு. முன்னால இருந்தவங்க கூட்டத்தோட கூட்டமா இறங்கிட்டாங்க. பின்வரிசையில பதினோரு பேர். அவங்களும் ஓடியிருக்கலாம், நேரம் இருந்துச்சு. எந்தப் பக்கம் ஓடினாங்க? பின்கதவுக்கு. பூட்டிக் கிடக்குன்னு தெரியும், அஞ்சு நாளா முன்படியில வந்தவங்கதானே. ஆனா கண்ணு தெரியாத புகையில காலு எங்க போகும்? பன்னெண்டு வருஷம் பழகின பக்கம்தான் போகும். என் அண்ணியும் அங்கதான்.

இல்ல, தண்ணி வேணாம். நீங்க குடிங்க.

விசாரணையில கண்ணாடிக்காரன் கூண்டுல நின்னு, நான் பூட்டலன்னு அழுதான். ஒருத்தரும் நம்பல. பூட்டக்கூடிய ஆளுதானே அவன். ரெண்டு வருஷம் உள்ள போட்டாங்க. அவனுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், இப்பவும் விடமாட்டேன். ஆனா அந்தாளு வாழ்க்கையில சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பூட்டு நான் வாங்கினது. ஞாயித்துக்கிழமை கடைத்தெருவுல, ரெண்டு பூட்டு பாத்து, பெருசா இருந்ததை எடுத்தேன். சாயங்காலம் ஆள் இல்லாத நேரத்துல ஏறிப் பூட்டினேன். இனி எங்க ஆளு ஒருத்திகூட அந்தப் படியை மிதிக்கக் கூடாதுன்னு. அன்னைக்கு நான் எவ்வளவு சந்தோஷமா இறங்கினேன் தெரியுமா. தீப் பிடிச்சப்ப நான் கீழ பேக்கிங்ல இருந்தேன், சாவி என் இடுப்புல. எல்லாரும் முன்பக்கம் ஓடுறாங்க, நான் பின்பக்கம். அந்த இரும்புப் படியில ஏறினேன். பாதி ஏறுற வரைக்கும் உள்ள தட்டுற சத்தம் கேட்டுது. நான் பூட்டைத் தொறக்கும்போது கேக்கல.

சங்கத் தலைவருக்கு மட்டும் சொன்னேன். வாயைத் தொறக்காத, கேசே போயிடும்னார். கேஸ் ஜெயிச்சுது. முப்பத்தெட்டு வருஷம் எங்கண்ணனுக்கு நான்தான் சோறு போட்டேன், ஒரு தடவைகூட சொல்லல. போன மாசம் அண்ணன் போயிட்டாரு. இனிமே யாருக்குப் பயப்படணும்.

அதனால அந்தப் பூட்டு வரியை அடிங்க. அடிச்சுட்டு, நான் சொல்றதை எழுதுங்க. முதல்ல, பன்னெண்டு வருஷமா எங்க காலுக்கு ஒரே வழியை மட்டும் பழக்கினது யாருன்னு. அதுக்குக் கீழ, பூட்டினது யாருன்னு. இந்த வரிசை மாறக் கூடாது, மாறினா வியாழக்கிழமை நானே வந்து கல்லை உடைப்பேன்.

என்னை என்னன்னு போடணுமா? போராட்டத் தலைவின்னெல்லாம் போட்டுடாதீங்க. அவ நாத்தனார்னு போடுங்க.