தனித் தட்டு

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மடியில் எக்ஸ்ரே உறை. அவர்களுடைய அப்பா நாலு வரிசை தள்ளி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தனியாக இருந்தார்.

"நெஜமாவே டிபியா இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள் தங்கை. அதற்குப் பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மெதுவாப் பேசு. அப்பா காதுல வுழும்."

"போன வாரம் அவர்கிட்ட டிபின்னு ஏண்ணா சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? புத்துநோய், நெஞ்சு பூரா பரவிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னா? டிபின்னா மாத்திரையில சரியாப்பூடும்னு தைரியமா இருப்பாரு."

"இருக்காரே, நல்லா. தட்டு தனி, சொம்பு தனி, மாட்டுக் கொட்டாயில படுக்கை. எம்புள்ள கிட்டப் போனா குச்சியெடுத்து வெரட்டறாரு."

"அவர யாரும் ஒதுங்கச் சொல்லலியே."

"சொல்லணுமா? டிபி வந்த சித்தப்பன ஊரே அப்டித்தான வெச்சுது, அதைப் பார்த்தவருதான? இருக்கற நாள்லயாவது பேரனைத் தூக்கட்டும். உண்மையச் சொல்லிடுண்ணா."

"நீயே சொல்லேன்."

அமிர்தியில் இறங்கியதும் அவள் நேராக அப்பாவிடம் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"தள்ளி நில்லும்மா. சாமை அறுப்புக்குள்ள சரியாப்பூடும்ல? அப்புறம் புள்ளைய எறக்கியே வுட மாட்டேன்."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியாப்பூடும்பா" என்றாள்.